தங்கையைப் பறித்த நோய்: அக்காள் கட்டிய ஆஸ்பத்திரி!

அந்த வீட்டில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். மனைவியும் டாக்டர்; கணவரும் டாக்டர். அப்படி இருந்தும், உடன்பிறந்த தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை.

1923-ம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை நோயில் விழுந்தார். சாதாரண சீதபேதி என்றே முதலில் கருதப்பட்டது. பேதிக்கான மருந்து கொடுத்தார்கள். நோய் அடங்கவில்லை.

உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அது சீதபேதி அல்ல. மலக்குடலில் புற்றுநோய்!

தங்கை இறந்தார். முத்துலட்சுமிக்கே அப்போது 37 வயதுக்கு மேல் இல்லை. தங்கையோ அவரைவிட இளையவர்.

அழுது ஓய்ந்ததும் எல்லோரும் விதியை நொந்துகொள்வார்கள். முத்துலட்சுமி அப்படிச் செய்யவில்லை. இந்த நோயை எதிர்த்து நிற்க ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று உறுதி கொண்டார். அந்த உறுதி நிறைவேற 31 ஆண்டுகள் ஆயின. ஆனால் நிறைவேறியது. அதுதான் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி.

புதுக்கோட்டைப் பெண்

முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரைத் தமிழ்நாட்டுத் தாய்மார்கள் பலரும் அறிவார்கள். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் பண உதவி செய்கிறதே, அந்தத் திட்டத்துக்கு அவர் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. பெயர் தெரியும். அந்த அம்மையார் யார் என்பது பலருக்குத் தெரியாது.

அவர் 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தகப்பனார் நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியின் தலைவராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர்.

அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் படிப்பு நின்றுவிடும். அடுத்தது கல்யாணம்தான். முத்துலட்சுமியோ வீட்டிலேயே பாடம் கேட்டு மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு கல்லூரியில் சேர மனுப் போட்டார்.

ஊரில் ஒரே எதிர்ப்பு! ஆண்கள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா? பையன்கள் கெட்டுப்போவார்களே என்று பெற்றோர்கள் பயந்தார்கள். அப்போது புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர் குறுக்கிட்டார். அந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவு போட்டார். கல்லூரியில் அவர் ஒருவரே பெண்!

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் பரிசுகளும் பதக்கங்களும் பெற்று டாக்டராக வெளியே வந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சாதி மாறி நடந்த திருமணம் அது. தன்னைச் சமமாக நடத்த வேண்டும். தன் வேலைக்குத் தடை சொல்லக் கூடாது. இந்த நிபந்தனைகளுக்கு மாப்பிள்ளை சம்மதித்த பிறகே முத்துலட்சுமி தலையசைத்தார்.

இவ்வளவு படித்தவர். பிரசவ வைத்தியத்தில் கைதேர்ந்தவர். இவர் கண்ணெதிரிலேதான் தங்கையின் உயிர் போனது.

ஏன் தெரியாமல் போயிற்று?

இது டாக்டர்களின் குறை மட்டும் அல்ல. அந்த நோயின் சூழ்ச்சி அப்படி.

நமது வயிற்றில் பெருங்குடல் என்று ஒன்று இருக்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய 5 அடி. சாப்பாட்டின் சத்தைச் சிறுகுடல் எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சம் இங்கே வரும். அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை. பெருங்குடலின் கடைசி அரை அடிக்கு மலக்குடல் என்று பெயர்.

குடலின் உட்சுவரில் சில பேருக்குச் சிறிய பரு போல ஒரு சதை முளைக்கும். வலி இருக்காது. தொந்தரவு இருக்காது. பெரும்பாலான பருக்கள் அப்படியே கிடந்துவிடும். ஆனால் ஒன்றிரண்டு, மெல்ல மெல்ல வளர்ந்து, ஏறக்குறைய 10 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறிவிடும்.

அப்புறம்தான் அடையாளங்கள் தெரியும். மலத்தில் ரத்தம் வரும். சளி வரும். சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல் என்று மாறி மாறி வரும். வெளிக்குப் போய் வந்த பிறகும் முழுதாகப் போகவில்லை என்று தோன்றும். காரணம் இல்லாமல் உடல் இளைக்கும். ரத்தம் குறைந்து சோகை பிடிக்கும்.

சீதபேதிக்கும் ரத்தம், சளி உண்டு. மூலத்துக்கும் ரத்தம் உண்டு. நம்முடைய நாட்டில் இந்த இரண்டும் சர்வ சாதாரணம். ஆகவே கைகண்ட நோயின் பெயரையே முதலில் சொல்வார்கள். 100 ஆண்டுகளுக்கு முன்பு நடந்த இந்தத் தவறு இன்றும் நடக்கிறது. மூலம் என்று நினைத்து, நாட்டு மருந்தும் களிம்புமாக ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு.

வயதானவர்களுக்குத்தானே இது வரும் என்று இருந்துவிடவும் கூடாது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அதிகம் வருவது உண்மைதான். ஆனால் இளவயதிலும் வரும். முத்துலட்சுமியின் தங்கையே அதற்குச் சாட்சி.

லண்டனில் பார்த்தது

1925-ல் முத்துலட்சுமி மேல்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றிப் படிப்பது பயணத்தின் நோக்கம். ஆனால் தங்கையின் நினைவு அவரை வேறோர் இடத்துக்கும் அழைத்துச் சென்றது. லண்டனில் கான்சர் ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தது. அங்கே போய்ப் புற்றுநோய் வைத்தியத்தைக் கற்றார்.

அந்த ஆஸ்பத்திரியோடு ஒரு பெரிய பெயர் சேர்ந்திருக்கிறது. எர்னஸ்ட் மைல்ஸ் என்ற ரண சிகிச்சை நிபுணர் அங்கே பணிபுரிந்தவர். மலக்குடல் புற்றுநோய்க்குப் புதிய ஆபரேஷன் முறை ஒன்றை 1908-ல் உலகுக்குத் தெரிவித்தவர் அவர்தான்.

அதற்கு முன்பு கீழ்ப்பக்கம் வழியாகக் கட்டியை மட்டும் வெட்டி எடுப்பார்கள். பெரும்பாலோருக்கு அது மறுபடியும் வந்துவிடும். ஏன் என்று மைல்ஸ் ஆராய்ந்தார். கட்டியிலிருந்து நோய் மேல்நோக்கி, நெறிக்கட்டிகள் வழியாகப் பரவுகிறது என்று கண்டார். ஆகவே வயிற்றையும் திறந்து, மலக்குடலோடு அந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து அகற்றினார். மலம் வெளியேற வயிற்றில் ஒரு வழி வைத்தார்.

அது கடுமையான ஆபரேஷன். பென்சிலின் இல்லாத காலம். ரத்த வங்கி பரவாத காலம். ஆபரேஷன் ஆன பலர் பிழைக்கவில்லை. பிழைத்தவர்கள் பலருக்கு நோய் திரும்பவில்லை. வேரோடு எடுத்தால் இந்த நோய் தீரும் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது.

தீர்க்கக்கூடிய நோய் இது. கண்டுபிடிக்க ஓர் இடமும், வைத்தியம் செய்ய ஓர் இடமும் வேண்டும். அந்த இடம் நம் ஊரில் இல்லை. இந்த எண்ணத்தோடுதான் முத்துலட்சுமி தாயகம் திரும்பினார்.

சட்டசபையில் முதல் பெண்மணி

திரும்பியதும் வேறு பொறுப்புகள் காத்திருந்தன. 1927-ல் சென்னை சட்டசபையில் அங்கத்தினர் ஆனார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண்மணி அவரே. சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கோவிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். தாயாரின் மரபில் கண்ட துயரம் அவருக்குத் தெரியாதா? எதிர்ப்பு பலமாக இருந்தது. அவர் தொடங்கிய வேலை 1947-ல் முழுச் சட்டமாக நிறைவேறியது.

1930-ல் காந்தியடிகள் கைதானபோது பதவியை உதறினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தை ஏற்படுத்தினார்.

இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் தங்கையை அவர் மறக்கவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அந்த மேடையில் புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று பேசினார். கேட்டவர்கள் கை தட்டியிருக்கலாம். ஆஸ்பத்திரி எழவில்லை.

சாகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி?

அவருக்குத் தடையாக நின்றது பணம் மட்டும் அல்ல. மக்கள் மனதில் இருந்த பயம். அதிகாரத்தில் இருந்தவர்கள் மனதில் இருந்த அவநம்பிக்கை. புற்றுநோய் வந்தால் சாவுதான்; அதற்கு எதற்குத் தனியாக ஓர் ஆஸ்பத்திரி? இப்படித்தான் பதில் வந்தது.

குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் பகுதிப் பெரியவர்களுக்கு இந்தப் பேச்சு புதிது அல்ல. குரோம்பேட்டைக்கு அடுத்த ரெயில் நிலையத்துக்குத் தாம்பரம் சானடோரியம் என்று பெயர். காச நோயாளிகளுக்காக 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். அப்போது இருந்தவை 12 படுக்கைகள். காச நோய் என்றாலே உற்றார் உறவினர் ஒதுங்கிய காலம் அது. பிறகு நல்ல மருந்துகள் வந்தன. இன்று காச நோய் வந்தவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி வேலைக்குப் போகிறார்.

காச நோய்க்கு நடந்தது புற்றுநோய்க்கும் நடக்கும் என்று முத்துலட்சுமி நம்பினார்.

1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டத் தொடங்கினார். அறுபதைத் தாண்டிய வயதில் வீடு வீடாகப் போனார். பணக்காரரும் கொடுத்தார்கள், ஏழைகளும் கொடுத்தார்கள். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் புற்றுநோய் சிகிச்சையில் பயிற்சி பெற்று வந்து, தாயாருக்கு வலக்கையாக நின்றார்.

1952-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

எத்தனை படுக்கைகள் தெரியுமா? இங்கேயும் 12 தான்!

மறு ஆண்டில் டாக்டர் சாந்தா என்ற இளம் பெண் வந்து சேர்ந்தார். நல்ல அரசாங்க வேலை கிடைக்கக்கூடியவர். இந்தச் சின்ன ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்தார். 2021-ல் கண்மூடும் வரை அதைவிட்டு அவர் போகவில்லை. 1950-களின் பிற்பகுதியில் கனடாவிலிருந்து கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் வந்தது. அந்தக் கதிர்கள் கத்தி படாமலே உடலுக்குள் இருக்கும் கட்டியைச் சுடும்.

கத்தியும் மருந்தும்

தங்கைக்கு வந்த அதே நோய் இன்று ஒருவருக்கு வந்தால் என்ன செய்வார்கள்?

முதலில் கண்டுபிடிக்க வேண்டும். டாக்டர் கையுறை போட்டு, விரலால் சோதித்தாலே மலக்குடலில் உள்ள பல கட்டிகள் தட்டுப்படும். ஒரு நிமிஷ வேலை. வெட்கத்தால் பலர் இதற்குச் சம்மதிப்பது இல்லை. அந்த வெட்கம் உயிரைக் குடிக்கும்.

அடுத்தது கொலனோஸ்கோப்பி. நுனியில் விளக்கும் காமிராவும் உள்ள வளையும் குழாயைக் குடலுக்குள் செலுத்திப் பார்ப்பார்கள். சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். வெறும் பருவாக இருந்தால் அங்கேயே அறுத்து எடுத்துவிடலாம். 1969 முதல் இந்த முறை உலகில் பழக்கத்துக்கு வந்தது. நோய் வருவதற்கு முன்பே நோயைத் தடுக்கும் வைத்தியம் இது!

புற்றுநோய்தான் என்று உறுதியானால், ஸ்கேன் எடுத்து, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அதைப் பொறுத்தே வைத்தியம்.

பெருங்குடலில் கட்டி இருந்தால் ஆபரேஷன்தான் முக்கியம். கட்டி உள்ள பகுதியை இரண்டு பக்கமும் நல்ல குடலோடு சேர்த்து வெட்டி எடுப்பார்கள். அதைச் சார்ந்த நெறிக்கட்டிகளையும் எடுப்பார்கள். குறைந்தது 12 நெறிக்கட்டிகளையாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. மிச்சக் குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். இப்போது பலருக்கு வயிற்றைக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியாகவே செய்கிறார்கள்.

மலக்குடலில் பெரிய கட்டி என்றால், முதலில் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவார்கள். பிறகு ஆபரேஷன். மைல்ஸ் காலத்தில் வயிற்றில் வைத்த வழி ஆயுள் முழுவதும் இருக்கும். இன்றோ பலருக்கு அது தேவைப்படுவதே இல்லை. சிலருக்குச் சில மாதங்கள் வைத்துவிட்டுப் பிறகு மூடிவிடுகிறார்கள். நிரந்தரமாக வேண்டியவர்களும் பையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள், பிரயாணம் செய்கிறார்கள். பார்க்கிறவருக்குத் தெரிவதும் இல்லை.

கத்தியால் எடுத்த பிறகும், கண்ணுக்குத் தெரியாத நோய் அணுக்கள் எங்காவது ஒளிந்திருக்கலாம். அவற்றைக் கொல்லத்தான் மருந்து. நோய் நெறிக்கட்டிவரை பரவியிருந்தால், ஆபரேஷனுக்குப் பின் 3 மாதம் முதல் 6 மாதம் வரை மருந்து கொடுப்பார்கள்.

இந்த மருந்துகளுக்கு மூத்தது ‘ஃபைவ் எஃப்.யு.’ என்பது. 1957-ல் அமெரிக்க விஞ்ஞானி ஹைடல்பர்கர் குழுவினர் அதை வெளியிட்டார்கள். புற்றுநோய் அணு வேகமாகப் பெருகுவது. பெருகுவதற்கு வேண்டிய ஒரு பொருளை அது ஆவலோடு உறிஞ்சும். அதே பொருளைப் போல வேஷம் போட்ட மருந்து இது. நல்ல செங்கல் என்று நினைத்து உளுத்த செங்கல்லை எடுத்து வீடு கட்டினால் என்ன ஆகும்? அதுதான் அந்த அணுவுக்கும் ஆகிறது. 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்த மருந்தே இன்னும் முதுகெலும்பு. வீட்டிலேயே விழுங்கும் மாத்திரையாக அதன் தம்பி ஒன்றும் வந்துவிட்டது. பிளாட்டினம் கலந்த ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தையும் ஊசி மூலம் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

மருந்து நோய் அணுவோடு நல்ல அணுக்களையும் கொஞ்சம் தாக்கும். வாய்ப்புண், வாந்தி, வயிற்றுப் போக்கு, களைப்பு வரலாம். பிளாட்டின மருந்து பெறுகிறவர் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துக் குத்தும். காய்ச்சல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தத் தொந்தரவுகளுக்குப் பயந்து மருந்தை நடுவில் நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

நோய் கல்லீரல்வரை போய்விட்டாலும் கதை முடிந்தது என்று அர்த்தம் அல்ல. சிலருக்கு மருந்தால் சுருக்கி, கல்லீரலில் உள்ள கட்டியையும் வெட்டி எடுக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மேல்நாட்டுக் கணக்குப்படி, நோய் குடலை விட்டு வெளியே போகும் முன் கண்டுபிடித்தால், 10 பேரில் 9 பேர் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு வந்தால், அப்படி வாழ்பவர் 10 பேரில் ஒருவர் இருவர்தான். முந்தி வருகிறவருக்கும் பிந்தி வருகிறவருக்கும் உள்ள வித்தியாசம் இது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

மலத்தில் ரத்தம் கண்ட எவரும், அது மூலம்தான் என்று தாமே முடிவு கட்டக் கூடாது. பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும். ஆனால் அதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் வெளிக்குப் போகும் பழக்கம் மாறியிருந்தாலும் காட்ட வேண்டும்.

தாய், தகப்பன், உடன்பிறந்தார் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால், தொந்தரவு இல்லாவிட்டாலும் சோதித்துக்கொள்வது நல்லது. புகையிலை, மது இரண்டையும் விட வேண்டும். கீரை, காய், பயறு, தவிடு நீக்காத தானியம் நிறையச் சேர்க்க வேண்டும். உடம்பு அசைய வேண்டும்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். அரசாங்கப் பொது மருத்துவமனையிலும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியிலும் புற்றுநோய்க்கு வைத்தியம் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் கை கொடுக்கும்.

அம்மையார் விட்டுச் சென்றது

1956-ல் முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி அவர் காலமானார். 82-வது பிறந்த நாளுக்கு எட்டு நாட்களே பாக்கி. அவருடைய பிறந்த நாளான ஜூலை 30, தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடப்படுகிறது.

12 படுக்கையாக இருந்த ஆஸ்பத்திரி இன்று பல நூறு படுக்கைகளோடு வளர்ந்து நிற்கிறது. வீடு வீடாக நிதி திரட்டிய மாதர் சங்கத்தின் பெயர் இன்றும் அதன் பெயரோடு ஒட்டியிருக்கிறது. குரோம்பேட்டையில் மின்சார ரெயில் ஏறிக் கிண்டியில் இறங்கினால், அங்கிருந்து சர்தார் பட்டேல் சாலை வழியாகச் சிறிது தூரம்தான்.

தினமும் காலையில் அந்த வாசலில் கூட்டம் நிற்கிறது. கிராமத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் உண்டு. ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் உண்டு. சாவுதான் முடிவு என்று நினைத்திருந்தால் இவர்கள் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். பிழைக்கலாம் என்று நம்பித்தான் வரிசையில் நிற்கிறார்கள்.